மாப்பிள்ளையின் மழித்த கால்கள்

ட்யூப்லைட் மாற்றுவதற்காக நரேன் ஸ்டூல் மேல் ஏறினான். ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொள்ள வந்த மாமியார் ஜெயலட்சுமியின் கண்ணுக்கு நேரே அவனுடைய இரண்டு கால்களும் வந்து நின்றன. ஞாயிற்றுக்கிழமை, அரை டிராயர் போட்டிருந்தான். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை ஒரு முடி கிடையாது. துலக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி இரண்டும் பளபளவென்று இருந்தன.

ஜெயலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். மேலே கழுத்தை மறைக்கும் தாடி. மறுபடி குனிந்து பார்த்தாள். மேல்பாதி இமயமலைச் சாமியாராகவும் கீழ்ப்பாதி வேறு யாரோவாகவும் இருந்தது.

அந்தத் தாடிக்கு அவள்தான் பொறுப்பு. மகள் ஸ்ம்ருதிக்கு இது ஏழாம் மாதம். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் முடி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மூன்றாம் மாதமே திருநெல்வேலியிலிருந்து ஃபோன் போட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள். டெல்லியில் பிறந்து வளர்ந்த பையன், குர்காவ்ன் கம்பெனியில் உத்தியோகம், சிரித்துவிட்டுப் போய்விடுவான் என்றுதான் நினைத்தாள். அவனோ "அச்சா, சரிம்மா" என்று உடனே ஒப்புக்கொண்டான். அதை வைத்துக்கொண்டு ஜெயலட்சுமி தெருவெல்லாம் மாப்பிள்ளை புராணம் பாடியிருந்தாள். பிரசவத்துக்குத் துணையாக டெல்லி ஜனக்புரிக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் காட்சி.

"மாப்ளே, கால்ல முடியெல்லாம் எங்க?" என்றாள்.

நரேன் இரண்டு கையிலும் ட்யூப்லைட்டைப் பிடித்தபடி கீழே பார்த்தான். "ஷேவ் பண்ணிட்டேம்மா. சைக்கிள் ஓட்டறதுக்காக."

"சைக்கிளை நீங்கதானே ஓட்டறேள்? முடியா ஓட்டறது?"

அடுப்படியிலிருந்து ஸ்ம்ருதி சிரிக்கும் சத்தம் கேட்டது. நரேன் இறங்கி வந்து, சோபாவில் மாமியாரை உட்கார வைத்து, பொறுமையாக விளக்கினான். அவனும் நண்பர்கள் பதினைந்து பேரும் ஞாயிறுதோறும் விடியற்காலையில் துவாரகா பக்கம் எண்பது கிலோமீட்டர், நூறு கிலோமீட்டர் என்று ஓட்டுகிறவர்கள். எல்லோருமே கால் மழிக்கிறவர்கள்.

"கீழ விழுந்தா கால் சிராய்ச்சுடும்மா. முடி இருந்தா அதுல மண்ணு ஒட்டிக்கும், க்ளீன் பண்றது கஷ்டம். மத்லப், அதாவது கட்டு போட்டாலும் பிரிக்கறச்சே முடியும் சேர்ந்து பிச்சுண்டு வரும். அப்புறம் மசாஜ் பண்ண ஈஸி. காத்தைக் கிழிச்சுண்டு வேகமா போலாம்னும் சொல்லுவா, ஆனா என் வேகத்துக்கு அதெல்லாம் ஜோக்." கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "நிஜமா சொன்னா, முடிக்காலோட போனா புதுசா வந்தவன் மாதிரி இருக்கும். எல்லாரும் கலாய்ப்பா" என்று முடித்தான்.

"அப்போ பால்கனில காயறதே, பாதி விரல் இல்லாத கையுறை, அது?"

"அதுவும் அதுக்குத்தான். ஹேண்டிலைப் பிடிச்சுப் பிடிச்சுக் கை மரத்துப் போகாம இருக்கும். விழறச்சே யாருமே கையைத்தானேம்மா முதல்ல ஊணுவா? உள்ளங்கைத் தோல் போகாது."

ஜெயலட்சுமி அவன் சொன்ன நியாயங்கள் அத்தனையையும் கேட்டாள். அவள் காதில் தங்கியது ஒன்றே ஒன்றுதான். விழுந்தா, விழறச்சே, விழுந்தா. காலுக்கு ஓர் ஏற்பாடு, கைக்கு ஓர் ஏற்பாடு. விழுவதற்கு நாள் பார்க்காததுதான் பாக்கி. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்த அன்றே டெல்லி சாலைகளின் லட்சணத்தை அவள் பார்த்திருந்தாள். அந்தச் சாலையில், ஏழு மாதக் கர்ப்பிணியின் புருஷன், விழுந்தால் என்ன செய்யலாம் என்று யோசித்து வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறான்.

ஓட்டாதே என்று நேராகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை ஆயிற்றே. அதனால், "கால்ல இருக்கறதும் முடிதானே? நம்ம வாத்தியாரைக் கேட்டுடறேன்" என்றாள். நரேனும் "கேளுங்கோம்மா" என்று சொல்லிவிட்டு ட்யூப்லைட்டைப் போட்டுப் பார்க்கப் போனான்.

திருநெல்வேலியில் அவர்கள் குடும்பத்துச் சடங்குகளை நடத்திவைக்கும் வாத்தியார் ஸ்ரீநிவாஸ சாஸ்திரிகள். ஜெயலட்சுமி பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பில் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"மாமி, தலையும் தாடியும்தான் நாம பார்க்கறது. காலைப் பத்தி என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. அது அவர் இஷ்டம், விட்டுடுங்கோ."

இங்கே ஜெயலட்சுமியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தொலைபேசி இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். முதல் பத்து வருஷம் தந்தி வாசகங்களை ஃபோனில் படித்துச் சொல்கிற வேலை. கல்யாணமோ சாவோ, வந்த சொல்லை வந்தபடி சொல்லியிருக்கிறாள். ஒரு எழுத்து கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, கூசாமல் சொன்னாள்.

"காலும் சேர்த்திதானாம். உடம்புல எங்கயும் கத்தி படப்படாதாம். வாத்தியார் கண்டிஷனா சொல்லிட்டார்."

அவள் போட்ட திட்டம் எளிமையானது. முடிக்காலோடு போக வெட்கமாக இருக்கிறது என்று அவனே சொன்னான். முடி வளரட்டும், வெட்கப்பட்டுக்கொண்டு குழந்தை பிறக்கும்வரை வீட்டில் கிடக்கட்டும். ஒரு பொய்தான், யாருக்கு என்ன நஷ்டம்?

நரேன் தன் கால்களை ஒருமுறை துயரத்தோடு பார்த்துக்கொண்டான். பிறகு, "அச்சா. வாத்தியார் சொன்னா சரி" என்றான்.

முடி வளர்ந்தது. நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அவன் வீட்டில் கிடக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனான், அதற்கடுத்த ஞாயிறும் போனான். நண்பர்கள் அவனைக் கரடி என்று கூப்பிடுகிறார்களாம். அதையும் அவனே வந்து சொல்லிச் சிரித்தான். ஜெயலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் திரும்பி வந்து மணி அடிக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் பால்கனியிலேயே நின்றாள்.

ஸ்ம்ருதிக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மார்ச் மாதம் மூன்றாம் ஞாயிறு அவன் ஆட்டோவில் வந்து இறங்கினான். சைக்கிள் ஆட்டோவின் பின்னால் தலைகீழாகச் செருகியிருந்தது. குறுக்கே ஒரு நாய் ஓடி வந்ததாம், பிரேக் பிடித்தானாம், அவ்வளவுதான். கையுறை இரண்டும் உள்ளங்கைப் பக்கம் நார்நாராகக் கிழிந்திருந்தன. ஸ்ம்ருதி அழுதுகொண்டே அவற்றைக் கழற்றிப் பார்த்தாள். கை சிவந்திருந்தது, ஒரு கீறல் இல்லை. வலது கால்தான் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வழண்டு, ரத்தமும் மண்ணும் முடியும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தது.

பக்கத்து க்ளினிக்கில், கத்தி படக் கூடாது என்று அவன் சொல்லிவிட்டதால் முடியை எடுக்காமலேயே கழுவிக் கட்டுப் போட்டுவிட்டார்கள். கழுவும்போது அவன் போட்ட கூச்சல் வெளியே பெஞ்சியில் இருந்த ஜெயலட்சுமிக்குக் கேட்டது. தினம் கட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்ம்ருதியால் குனிய முடியாது; அதனால் அந்த வேலை ஜெயலட்சுமியிடம் வந்தது.

மறுநாள் கட்டின் மேல் ஒட்டியிருந்த டேப்பின் ஒரு முனையைத் தூக்கி மெல்ல இழுத்தாள். முடிகள் கொத்தாகக் கூடவே வந்தன. நரேன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்று கத்தினான். புண்ணின் ஓரத்தில் காய ஆரம்பித்திருந்த பொருக்கும் பிய்ந்துகொண்டு புதிதாக ரத்தம் கசிந்தது. அதற்கடுத்த நாள், "இன்னிக்கு வேண்டாம்மா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றான். அதற்கும் அடுத்த நாள் ஆபீசிலிருந்து வேண்டுமென்றே தாமதமாக வந்தான். வலிக்குப் பயந்தவனை ஜெயலட்சுமியும் வற்புறுத்தவில்லை. அந்த வலி யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தால் சீழ்.

க்ளினிக் டாக்டர் ஹிந்தியில் திட்டினார். ஜெயலட்சுமிக்கு ஹிந்தி அரைகுறைதான், ஆனால் 'பால்' என்றால் முடி என்பது தெரியும். அவர் அந்தச் சொல்லை நாலு தடவை சொன்னார். இவ்வளவு முடி இருந்தால் மண் எப்படிப் போகும், டேப் எப்படி நிற்கும், முதலில் சுற்றிலும் முடியை எடுத்துவிட்டுத் தினமும் ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்றார். கிளம்பும்போது ஸ்ம்ருதி பிரசவத்தைப் பற்றிக் கேட்டாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். சீழ் பிடித்த காலோடு பிரசவ அறைக்குள் எந்த ஆஸ்பத்திரியிலும் விடமாட்டார்கள் என்றார்.

அதுதான் இடி. அவர்கள் பிரசவத்துக்குப் பதிவு செய்திருந்த ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் ஒரே ஒருவர் கூட இருக்கலாம். ஸ்ம்ருதி நரேன் பெயரைக் கொடுத்திருந்தாள். மூச்சு எப்படி விடவேண்டும், முதுகை எங்கே தேய்த்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் இரண்டு மாதமாக வகுப்புக்குப் போய்வந்திருந்தார்கள். அம்மாவைக் கேட்காமல் புருஷன் பெயரைக் கொடுத்ததில் ஜெயலட்சுமிக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ம்ருதி அடுப்படியில் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கும்மா. அதுக்குள்ள இவனுக்கு ஆறாது போலருக்கு. நீதான் என்னோட உள்ள வரணும்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

கேட்காமலேயே கிடைத்துவிட்டது. ஜெயலட்சுமிக்கு வாயெல்லாம் கசந்தது. தன் ஒரு பொய் மகளின் ஒரே ஆசையில் போய் முட்டி நிற்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. அடுப்பை அணைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஹாலுக்குப் போனாள். நரேன் காலை நீட்டி சோபாவில் படுத்திருந்தான்.

"மாப்ளே, வாத்தியார் காலைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. அது உங்க இஷ்டம்னுதான் சொன்னார். நான்தான் மாத்திச் சொன்னேன்."

நரேன் எழுந்து உட்கார்ந்தான். பின்னாலேயே வந்த ஸ்ம்ருதி, "அம்மா!" என்று கத்தினாள்.

"முடி வளர்ந்தா வெட்கப்பட்டுண்டு சைக்கிளை எடுக்க மாட்டேள்னு நெனச்சேன். நீங்க விழுந்துடுவேளோன்னு எனக்கு அத்தனை பயம். என் பயத்துக்கு வாத்தியார் பேரை இழுத்தேன். தப்புதான்."

நரேன் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தான். கோபம் வந்தால் கத்துகிற பையன் இல்லை. அதுவே ஜெயலட்சுமிக்கு வேதனையாக இருந்தது.

"என்னை ஓட்ட வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே" என்றான் கடைசியில்.

"சொன்னா கேட்டிருப்பேளா?"

"தெரியலை. சண்டையாவது போட்டிருக்கலாம்." அவ்வளவுதான் பேசினான். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். ஜெயலட்சுமியும் சாப்பிடவில்லை. ஸ்ம்ருதி மட்டும் வயிற்றில் இருப்பதற்காக இரண்டு வாய் மோர் சாதம் சாப்பிட்டாள்.

காலையில் ஜெயலட்சுமி காபி கலந்துகொண்டிருந்தபோது பால்கனியில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நரேன் பழைய ஹிந்தி பேப்பரைத் தரையில் விரித்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டூல் மேல் வலது காலை நீட்டி வைத்திருந்தான். பக்கத்தில் ட்ரிம்மர், டெட்டால் தண்ணீர், பஞ்சு.

"ஒரு பக்கம் எனக்கு எட்டவே மாட்டேங்கறது" என்றான், அவளைப் பார்க்காமல். பிறகு காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். "நீங்க பெரியவா. என் காலைப் போயி… வேண்டாம்மா, க்ளினிக்குலயே போய்ப் பண்ணிக்கறேன்."

"ஏன், நீங்க என் பிள்ளையா இருந்தா தொட மாட்டேனா? நீட்டுங்கோ" என்று சொல்லி, ஜெயலட்சுமி புடவையைச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். ட்ரிம்மரை வாழ்க்கையில் முதல்தடவையாகக் கையில் பிடித்தாள். அது உறுமியதும் பயந்து கீழே வைத்தாள், நரேன் சொல்லிக்கொடுத்தான். மேலிருந்து கீழே, புண்ணிலிருந்து இரண்டு விரல் தள்ளி. மெல்ல மெல்ல ஓட்டினாள். எதிர்வீட்டு பஞ்சாபிக்காரி துணி உலர்த்த வந்தவள், மாமியார் மருமகனுக்குக் கால் மழிக்கிற அதிசயத்தைப் பார்த்து, கிளிப்பை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"அவ பார்க்கறா" என்றான் நரேன்.

"பார்க்கட்டும். நன்னா பார்க்கட்டும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மனதிலிருந்த பாரம் பாதி அப்போதே இறங்கியது.

"அப்போ இந்தத் தாடி?" என்று கேட்டான். "இதுவும் நீங்களே சொன்னதா?"

"அது சத்தியமா வாத்தியார் சொன்னது. தாடில கையை வெச்சேளோ, பாருங்கோ!"

வலது கால் முடிந்ததும் அவன் எழுந்து நின்றான். ஒரு கால் வழவழ, ஒரு கால் கரடி. பால்கனி வாசலில் வந்து நின்ற ஸ்ம்ருதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, இன்னொண்ணையும் பண்ணிடு, பார்க்கச் சகிக்கலை" என்றாள். ஜெயலட்சுமி அதையும் செய்தாள்.

அதற்கப்புறம் பதினோரு நாள் அவள் ஒரு நாள்கூட விடவில்லை. காலையில் ஸ்லோகம் முடித்த கையோடு கட்டு. டேப் இப்போது சொன்னபடி கேட்டது. கழுவினால் தண்ணீர் மண்ணில்லாமல் ஓடியது. சீழ் வற்றியது, காய்ச்சல் விட்டது, விளிம்பிலிருந்து புதுத்தோல் இளஞ்சிவப்பாக நடுவை நோக்கி நகர்ந்தது. ஜெயலட்சுமி மிச்சமிருந்த புண்ணைத் தினமும் விரற்கடையால் அளந்து ஸ்ம்ருதியிடம் செய்தி வாசித்தாள். மூன்று விரற்கடை, இரண்டு, ஒன்று. பயம் அவளுக்குப் போய்விடவில்லை. ஆனால் இப்போது பயத்தை வாய்விட்டே சொன்னாள்: "குழந்தை பொறந்து மூணு மாசம் சைக்கிளைத் தொடப்படாது. இது வாத்தியார் இல்லை, நான் சொல்றேன்." நரேன் ஒரு மாதத்தில் ஆரம்பித்தான், பேரம் பேசி இரண்டு மாதத்தில் முடிந்தது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்ம்ருதிக்கு வலி எடுத்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று நாள் முன்னால். காரில் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்ம்ருதியை உள்ளே கொண்டுபோனார்கள். நரேன் பச்சை அங்கியை மாட்டிக்கொள்ளும்போது பேன்ட் கொஞ்சம் மேலேறி, கணுக்காலுக்கு மேல் கட்டின் ஓரம் தெரிந்தது. கதவருகே நின்ற மலையாள நர்ஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

"இது எந்தா? புண்ணா? கட்டு இருந்தா உள்ள விட மாட்டாங்க. ரூல் ஆணு." அவள் ஜெயலட்சுமியின் பக்கம் திரும்பினாள். "அம்மா வரட்டும். அம்மா கைகால் கழுவிட்டு வாங்க, சீக்கிரம்."

நரேனின் முகம் தொங்கிப்போனது. அங்கியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "நீங்க போங்கோம்மா. அவ தனியா இருக்கா" என்றான்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்ம்ருதி முனகுவது கேட்டது. பெற்றவளுக்கு அந்தச் சத்தம் கேட்டபின் கால் நிற்குமா? ஜெயலட்சுமிக்கு ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. ஓடவில்லை. அந்த வராந்தாவிலேயே, போகிறவர் வருகிறவர் நடுவில், மாப்பிள்ளையின் காலடியில் மண்டியிட்டாள். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினாள். டேப்பின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அது சத்தமில்லாமல் வந்துவிட்டது. நரேன் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"பாருங்கோ, சிஸ்டர்" என்றாள். "குனிஞ்சு நன்னா பாருங்கோ. ரத்தம் இருக்கா? சீழ் இருக்கா? நேத்தே ஆறிடுத்து. பேன்ட் உரசக் கூடாதேன்னு நான்தான் மேலாகக் கட்டினேன். என் பொண்ணு இவரைத்தான் கேட்டிருக்கா, என்னை இல்லை."

நர்ஸ் குனிந்து பார்த்தாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். கீழே இருந்து மேலேவரை வழவழவென்றிருந்த அந்தக் காலையும், மேலே காடாக மண்டியிருந்த தாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். எதையோ கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

"வா, வா, வேகம் வா" என்றாள் நரேனிடம். அவன் மாமியாரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "போங்கோ" என்று ஜெயலட்சுமி அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். கதவு மூடிக்கொண்டது.

அவள் பெஞ்சியில் வந்து உட்கார்ந்தாள். ஸ்லோகம் சொல்லப் பார்த்தாள், பாதியில் மறந்து மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல், பூனைக்குட்டி போல, வீறிட்டது. ஜெயலட்சுமி எழுந்து நின்று கை கூப்பினாள். அந்த அழுகை ஓய்ந்தது. அடுத்த கணம் இன்னொரு அழுகை கேட்டது. தடித்த, ஆண்குரல் அழுகை, நிற்காமல்.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து நர்ஸ் தலையை நீட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பெண் குழந்தை அம்மா, ரெண்டு பேரும் சுகம். குட்டி அழுகை நிறுத்தியாச்சு. மருமகன்தான் நிறுத்த மாட்டேங்கறாரு."

"அழட்டும் சிஸ்டர்" என்றாள் ஜெயலட்சுமி. "அதுக்குத்தானே உள்ள அனுப்பினேன்."